பட்டி, படல், பஞ்சாரம்: வீட்டு உயிர்களுக்கு ஒரு வாசல்

தை மாதக் கடைசியில் காட்டுமன்னார்கோவில் பக்கமிருந்து ஒரு விவசாயி தொலைபேசியில் அழைத்தார். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு நெல்லுக்குள்ளேயே உளுந்து தெளித்திருக்கிறார். முளைப்பு நன்றாக வந்திருக்கிறது. பயிருக்கு 20 நாள் வயது. "சார், உளுந்துக்கு ஏதாவது மருந்து சொல்லுங்க" என்றார். பூச்சியா, சாம்பல் நோயா, மஞ்சள் தேமலா என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. ஆடு தின்னாம இருக்க என்ன மருந்து அடிக்கலாம்?"

சிரிக்கத் தோன்றினாலும் சிரிக்கவில்லை. சிதம்பரம், குமராட்சி, கீரப்பாளையம், புவனகிரி வட்டாரங்களில் தை, மாசியில் என்னிடம் வரும் கேள்விகளில் நோயைப் பற்றியவை பாதி. மீதிப் பாதி பக்கத்து வீட்டு ஆட்டைப் பற்றியது. சாணிக் கரைசலைத் தெளித்தால் ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு விலகும் என்பது நம் பெரியவர்கள் கண்ட வழி. அது வேலை செய்கிறது, ஆனால் வாடை இருக்கும் வரைதான். பனியிலும் வெயிலிலும் நாலைந்து நாளில் வாடை போய்விடும், அதற்குள் புதுத் துளிரும் வந்துவிடும். அவரிடம் இதைச் சொல்லிவிட்டு, "உங்கள் உளுந்துக்கு மருந்து உங்கள் வயலில் இல்லை, பக்கத்து வீட்டு ஆட்டுக் கொட்டகையின் கதவில் இருக்கிறது" என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

நெல் தரிசு உளுந்துக்கு நாம் செய்யும் செலவு குறைவு. ஏக்கருக்கு 10 கிலோ விதை, பூக்கும் போது ஒரு முறையும் 15 நாள் கழித்து ஒரு முறையும் 2 சத டிஏபி கரைசல் அல்லது பயறு ஒண்டர், அவ்வளவுதான். உழவில்லை, பாசனமில்லை. மண்ணில் மிஞ்சிய ஈரத்தையும் பனியையும் குடித்தே 70, 75 நாளில் பயிர் முடிந்துவிடும். அதில்தான் சிக்கலும் இருக்கிறது. பாசனப் பயிரை ஆடு கடித்தால் தண்ணீர் கட்டி, உரம் வைத்து மறுபடியும் துளிர்க்க வைக்கலாம். இதில் ஈரம் நாளுக்கு நாள் கீழே போய்க்கொண்டிருக்கும். நுனியும் பூவும் போன செடி மறுபடி கிளை விட்டுக் காய்க்க ஈரம் காத்திருக்காது. ஏக்கருக்கு 300 கிலோ எடுப்பவருக்கு, 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலையான குவிண்டாலுக்கு 7,800 ரூபாய் கணக்கில், 23,400 ரூபாய் வரும். சம்பாவில் கைக்கு நிற்காத பணம் பலருக்கும் இந்த உளுந்தில்தான் நிற்கிறது. அதனால்தான் ஒரு ஆட்டுக்காகக் காவல் நிலையம் வரை போகிறார்கள்.

தமுக்கும் பட்டியும்

இந்தச் சண்டை புதிதல்ல. என் சிறு வயதில் உளுந்து விதைத்ததும் ஊரில் தமுக்கு அடித்துச் சொல்வார்கள்: இன்ன தேதியிலிருந்து ஆடு, மாடு அவிழ்த்து விடக் கூடாது. மீறினால் பட்டியில் அடைப்பு, அபராதம். பட்டி என்பது நான்கு சுவரும் ஒரு கதவும்தான். சிலர் அதைப் 'பவுண்டு' என்பார்கள். அதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் அது. பயிரை மேய்ந்த கால்நடையைப் பயிர்க்காரரே பிடிக்கலாம். ஆனால் 24 மணி நேரத்துக்குள் பட்டிக்கு அனுப்பிவிட வேண்டும், தன் வீட்டில் கட்டி வைக்கக் கூடாது. உரிமையாளர் அபராதத்தையும் தீவனச் செலவையும் கட்டி மீட்டுப் போகலாம். கோபத்தில் இருப்பவர் கையில் ஆடு இருக்கக் கூடாது, பொது இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி.

இன்று பல ஊர்களில் பட்டி இருந்த இடம் மட்டும் இருக்கிறது. தமுக்குக்குப் பதில் வாட்ஸ்ஆப் குழுவில் செய்தி வருகிறது. மாடு மேய்க்கக் கூலிக்கு ஆள் இல்லை. ஆட்டை ஓட்டிக்கொண்டு போகப் பிள்ளைகளும் இல்லை, அவர்கள் பள்ளியில் இருக்கிறார்கள், இருக்கவும் வேண்டும். ஆகவே மேய்ப்பவர் செய்த வேலையை இனி ஒரு கதவோ, கயிறோ, வலையோதான் செய்தாக வேண்டும்.

பழைய கருவிகள்

நம் ஊர்களில் இதற்கென்று கருவிகள் குறைவாக இருந்ததில்லை. ஓடும் மாட்டுக்குக் கழுத்தில் கட்டை தொங்கும். மெதுவாக நடந்தால் உறுத்தாது, ஓடினால் முழங்காலில் இடிக்கும். பயிருக்கு நடுவே ஏர் ஓட்டும் போதும், களத்தில் போரடிக்கும் போதும் மாட்டுக்கு வாய்க்கூடு. வேலிக்குள் தலை நுழைக்கும் ஆட்டுக்குக் கழுத்தைச் சுற்றி மூன்று குச்சிகளை முக்கோணமாகக் கட்டி விடுவார்கள். தலை போகும், கழுத்துக் கட்டு போகாது. தாய்க் கோழியையும் குஞ்சுகளையும் கவிழ்த்து வைக்கப் பஞ்சாரம். வேலியில் ஆள் போக மட்டும் கவட்டை மரம் நட்ட கடவு. நாம் ஒரு காலைத் தூக்கி வைத்து உடம்பைத் திருப்பிப் போய்விடுவோம், பசுவால் முடியாது. மூங்கிலும் முள்ளும் கட்டிய படல் எல்லா வீட்டு வாசலிலும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் அதையே இன்றும் படலை என்கிறார்கள்.

இவற்றில் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவரச் சொல்ல மாட்டேன். முன்னங்கால் இரண்டையும் சேர்த்துத் தளை போடுவது எனக்கு ஒப்பவில்லை. கால் புண்ணாகும், நாய் விரட்டினால் ஓட முடியாது. குட்டையான கயிற்றிலோ கனமான சங்கிலியிலோ விலங்கை நெடுநேரம் கட்டி வைப்பது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

கயிற்றில் கட்டி மேய்ப்பதாக இருந்தால் கணக்கோடு கட்டுங்கள். 3 மீட்டர் கயிறு என்றால் ஆட்டுக்குக் கிடைப்பது சுமார் 28 சதுர மீட்டர் புல். 5 மீட்டர் என்றால் 78 சதுர மீட்டர். கயிற்றை இரண்டு மீட்டர் கூட்டினால் புல் ஏறக்குறைய மூன்று மடங்கு. நம்மில் பலர் 3 மீட்டரில் கட்டிவிட்டு மூன்று நாள் முளைக்குச்சியை மாற்றுவதே இல்லை. ஆடு சுற்றிச் சுற்றிக் கயிறு முறுக்கிக்கொண்டு முளையோடு கழுத்தை ஒட்டி நிற்கும். முளையில் சுழலும் வளையம் ஒன்று போட்டால் முறுக்காது. இன்னொரு வழி, இரண்டு முளைகளுக்கு நடுவே தரையை ஒட்டிக் கம்பி இழுத்து, அதில் ஓடும் வளையத்தில் ஆட்டைக் கட்டுவது. வயல் வரப்புக்கு இது நல்ல பொருத்தம், ஆடு வரப்போடு போய் வரும், பயிருக்குள் இறங்காது. நிழலும் தண்ணீரும் அந்தக் கம்பியின் ஏதாவது ஒரு முனையில் இருக்க வேண்டும். தெருநாய் அதிகமுள்ள ஊரில் ஆளில்லாமல் ஆட்டைக் கட்டிவிட்டுப் போகாதீர்கள். கட்டிய ஆடு நாய்க்கு எளிதான இரை.

ஆடு கதவைத் திறக்கும்

மாட்டுக்குப் போடும் கதவை ஆட்டுக்குப் போட முடியாது. மாடு தள்ளும், ஆடு யோசிக்கும். லண்டன் ஆய்வாளர்கள் 2014-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பெட்டிக்குள் தீனி. அதை எடுக்க ஒரு கயிற்றைப் பல்லால் இழுத்து, பிறகு ஒரு நெம்புகோலைத் தூக்க வேண்டும். 12 ஆடுகளில் 9 இதைக் கற்றுக்கொண்டன. பத்து மாதம் கழித்துப் பெட்டியை மறுபடி வைத்தபோதும் மறக்கவில்லை. மீதி மூன்றில் இரண்டு ஆடுகள் கற்காததற்குக் காரணம், கொம்பால் பெட்டியை நெம்பித் திறக்கக் குறுக்குவழி பார்த்ததுதான். வெள்ளாடு வளர்ப்பவர் யாருக்கும் இது வியப்பாக இருக்காது.

ஆகவே ஆட்டுக் கொட்டகைத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம், ஆட்டு வாய்க்கு எட்டாத கீழ்ப்பகுதியிலோ, நான்கடிக்கு மேலோ இருக்க வேண்டும். கயிற்று முடிச்சு உதவாது, நக்கி நக்கி அவிழ்க்கும், இல்லை தின்றே விடும். பக்கத் தடுப்பு நான்கடி உயரம். கீழ் ஓரடியில் கழிகளுக்கு நடுவே கை விரிந்த அளவுக்கும் குறைவான இடைவெளி. குட்டியின் தலை போனால் உடம்பு போய்விடும் என்று நினைவில் வையுங்கள். வளர்ந்த ஆட்டுக்கு 10 சதுர அடி இடம் கொடுங்கள். நெருக்கினால் முட்டிக்கொள்ளும், தடுப்பை உடைக்கும்.

நம் மாவட்டத்தில் சவுக்குக்குப் பஞ்சமில்லை. படலுக்கும் கம்பத்துக்கும் சவுக்குக் கழியே போதும். கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள் இரும்புக் கீல் போடாதீர்கள், உப்புக் காற்றில் இரண்டு மழைக்காலத்துக்கு மேல் தாங்காது, ஒரு நாள் கதவு கையோடு வரும். பழைய டயரை நான்கு விரல் அகலத்துக்கு வெட்டி ஆணி அடித்தால் அதுவே கீல். அந்தப் பக்கத்தில் கிழிந்த மீன்வலையை மடித்துக் கட்டிய வேலிகளைப் பார்த்திருப்பீர்கள். கோழிக்கும் வாத்துக்கும் அது நல்லது. ஆட்டுக்கு வேண்டாம், கொம்பு சிக்கினால் ஆடு தன் கழுத்தைத் தானே இறுக்கிக்கொள்ளும்.

கதவைத் திறந்துவிட்டு மறப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் நடப்பது. பால் கறக்கப் போனவர் கை நிறையப் பாத்திரத்தோடு வருவார், கதவு அப்படியே கிடக்கும். கதவில் ஒரு கயிற்றைக் கட்டி, கம்பத்தின் மேலே ஒரு கப்பியில் ஓட்டி, மறுமுனையில் ஒரு செங்கல்லைத் தொங்க விடுங்கள். தள்ளினால் திறக்கும், விட்டால் செங்கல் இழுத்து மூடிவிடும். கப்பி கிடைக்காவிட்டால் பழைய நூல்கண்டுக் கட்டை. ஐம்பது ரூபாய்க்கு மேல் ஆகாது.

இன்னொரு வாசலையும் சொல்லிவிடுகிறேன், இது நம் பக்கம் அதிகம் காணாதது. குட்டிகள் 15 நாளிலேயே தீனியைக் கொறிக்கத் தொடங்கும். அப்போதிருந்து மூன்று மாதம் வரை நாளுக்கு 50 முதல் 100 கிராம் புரதம் மிகுந்த குட்டித் தீவனம் கொடுத்தால் வளர்ச்சி நன்றாக இருக்கும். ஆனால் தொட்டியில் வைத்தால் தாய் ஆடுகள் முதல் வாயிலேயே முடித்துவிடும். கொட்டகையின் ஒரு மூலையை மறைத்து, நிற்கவைத்த கழிகளுக்கு நடுவே குட்டி மட்டும் நுழையும் சந்துகள் விடுங்கள். எத்தனை அங்குலம் என்று கேட்காதீர்கள், உங்கள் ஆட்டைக் கேளுங்கள். உங்களிடம் உள்ள பெரிய குட்டி நுழைய வேண்டும், சிறிய தாய் ஆட்டின் வயிறு நுழையக் கூடாது. குட்டி வளர வளர ஒரு கழியை நகர்த்திக் கட்டும்படி வையுங்கள். மூலை வெளிச்சமாக, தாய் கண்ணில் படும்படி இருந்தால் குட்டி பயப்படாமல் போகும்.

இதெல்லாம் செய்தும் ஆடு வேலி தாண்டினால், அது பசி. அடைத்து வைக்கும் ஆட்டுக்கு நாளுக்கு நாலு கிலோ பசுந்தழையாவது உள்ளே போக வேண்டும். கொட்டகை ஓரம் அகத்தி, கிளைரிசிடியா, சவுண்டல், ஊடே வேலிமசால் என்று வைத்தால் வேலியும் அதுவே, தீனியும் அதுவே. உளுந்து விதைக்கும் தை மாதத்தில் தழை தேடக் கூடாது, ஆடியில் நட்டிருக்க வேண்டும்.

வேலியில் மின்சாரம் பாய்ச்சலாமா என்று சிலர் கேட்பார்கள். வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் விடுவது கொலைக்குச் சமம், சட்டப்படியும் குற்றம். ஆட்டுக்கு வைத்த கம்பியில் விடிகாலை தண்ணீர் பார்க்கப் போனவரே விழுவார். சூரிய சக்தி வேலி என்பது வேறு. அதில் நொடிக்கு ஒரு முறை, இமைக்கும் நேரத்துக்கும் குறைவாக ஒரு துடிப்பு மட்டுமே ஓடும், சுரீரென்று இருக்கும், உயிர் போகாது. தரமான கருவியும் முறையான தரைஇணைப்பும் இல்லாமல் அதையும் தொடாதீர்கள்.

கோழிக்குக் கடிகாரம், வாத்துக்குப் பொறுமை

கோழி விஷயம் எளிது. பொழுது சாய்ந்தால் தானே வந்து அடையும், இருட்டில் கண் தெரியாது. வேலை அதை உள்ளே ஓட்டுவதல்ல, அடைந்த பிறகு கதவை மூடுவது. மூட மறந்த ஒரு இரவு போதும், மரநாயோ காட்டுப்பூனையோ கீரியோ கூண்டைக் காலி செய்துவிடும். ஒன்றைத் தின்னப் பத்தைக் கடித்துப் போட்டுவிட்டுப் போகும். அறுகோணக் கோழி வலை கோழியை உள்ளே வைக்கும், கீரியையும் எலியையும் வெளியே வைக்காது. கீழ் இரண்டடிக்கு அரை அங்குலப் பற்றவைத்த வலை போட்டு, ஓரத்தை அரை அடி மண்ணுக்குள் புதையுங்கள்.

தானே திறந்து மூடும் கோழிக் கதவு இப்போது இணையத்தில் விற்கிறது. சிறு மோட்டார், 12 வோல்ட் பேட்டரி, மேலும் கீழும் நகரும் தகடு. மாலையில் வேலையிலிருந்து வரத் தாமதமாகும் வீடுகளுக்கு இது நல்ல பொருள்தான். ஆனால் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வெளிச்சத்தை உணர்ந்து மூடும் வகை மேலைநாட்டுக்கு ஏற்றது. அங்கே கோடைக்கும் குளிர்காலத்துக்கும் பொழுது சாய்வது பல மணி நேரம் மாறும். கடலூரில் கார்த்திகையில் 5.40-க்கும் ஆடியில் 6.40-க்கும் சூரியன் மறைகிறது, வித்தியாசம் மொத்தமே ஒரு மணி நேரம். நமக்கு நேரம் வைத்து மூடும் வகையே போதும், வருடத்துக்கு இரண்டு முறை மாற்றினால் சரி. மறைந்து அரை மணி கழித்து மூடும்படி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மூன்று மணிக்கே வானம் கறுத்தால், வெளிச்சக் கதவு மூடிக்கொண்டு கோழிகளை மழையில் நிறுத்திவிடும்.

வாத்துக்கு நேர் எதிரான சங்கடம். அது பெரும்பாலும் விடியலிலிருந்து காலை 9 மணிக்குள் முட்டையிடும். ஆறு மணிக்குத் திறந்துவிட்டால் வாய்க்காலிலும் வயலிலும் இட்டுவிட்டுப் போகும், முட்டை காகத்துக்கு. ஒன்பது மணி வரை பொறுத்துத் திறந்தால் முட்டை நமக்கு. அறுவடை முடிந்த வயலில் பெரிய வாத்துக் கூட்டங்களை மடக்கி வைத்திருப்பவர்களைப் பாருங்கள், இரண்டடி உயர வலையைத்தான் சுற்றிக் கட்டியிருப்பார்கள். வாத்து அதைத் தாண்டாது.

அடைப்பதையே உற்பத்தியாக மாற்றிய ஒரு முயற்சியைச் சிதம்பரத்திலேயே பார்க்கலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலத்தில் நெல், மீன், கோழி மூன்றையும் ஒரே வயலில் வைத்து ஆய்வு செய்து, விவசாயிகளின் வயல்களுக்கும் கொண்டுபோனார்கள். வயலுக்கு மேலே கூண்டில் கோழி, கீழே நெல், ஓரத்துப் பள்ளத்தில் மீன். கோழி எச்சம் தண்ணீரில் விழுந்து உரமாகிறது. மீன் களையையும் பூச்சியையும் குறைக்கிறது. கோழி பயிருக்குள் இறங்கினால் நாற்றைக் கிளறிவிடும், கூண்டில் இருப்பதால் அதன் எச்சம் மட்டும் இறங்குகிறது. பயிர் இல்லாத காலத்தில் ஆட்டுக் கிடை போடுவதும் அதே கணக்குத்தான். உளுந்து எடுத்த பிறகு சித்திரை, வைகாசியில் கிடை மடக்கினால் கோரையும் மற்ற களையும் மேயப்படும், புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் சேரும். மாசியில் உளுந்துக்குள் வந்தால் எதிரி, வைகாசியில் அதே ஆட்டுக்குப் பணம் கொடுத்துக் கூப்பிடுகிறோம்.

பூனைக்கும் ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் எக்ஸிட்டர் நகரத்துத் தேவாலயத்தில் பெரிய கடிகாரத்துக்குக் கீழே உள்ள கதவில் வட்டமாக ஓர் ஓட்டை இருக்கிறது, 1598-இல் பூனை போய்வர வெட்டியது. கடிகாரத்துக்குப் போட்ட கொழுப்பைத் தின்ன எலி ஏறியதாம். (பூனைக் கதவை நியூட்டன் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உலவுகிறது, நியூட்டன் பிறந்ததே 1642-இல்.) நாம் நெல்லை மூட்டையாக அடுக்கி அறையைப் பூட்டிவிடுகிறோம். எலி வளை வழியாக வரும், பூனைதான் வெளியே நிற்கும். அறைக் கதவின் அடியில் ஒரு சாண் சதுரத்தில் வழி விட்டு, மேலே ரப்பர் தொங்கவிட்டால் போதும். கோழிக் குஞ்சு இருக்கும் பக்கம் அந்த வழி திறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மாட்டின் காதில் மஞ்சள் வில்லை

தெருவில் திரியும் மாடு சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் பொதுவான பிரச்சினை. யாருடைய மாடு என்று கேட்டால் யாரும் வர மாட்டார்கள், பிடித்துப் போனால் மட்டும் நாலு பேர் வருவார்கள். இப்போது தடுப்பூசித் திட்டத்தில் மாட்டின் காதில் போடும் வில்லையில் 12 இலக்க எண் இருக்கிறது. அதை வைத்து உரிமையாளரைக் கண்டுபிடிக்கலாம். பயிர்க்காரர், மாட்டுக்காரர் இருவருக்குமே இது பாதுகாப்பு. வில்லையைக் கழற்றி எறிபவர் மாடு காணாமல் போனால் எதைக் காட்டுவார்?

நார்வேயில் ஆட்டின் கழுத்தில் ஒரு பட்டை கட்டி, கைப்பேசி வரைபடத்தில் எல்லை வரைந்துவிடுகிறார்கள். எல்லையை நெருங்கினால் பட்டை ஒலி எழுப்பும், மீறினால் சிறு அதிர்வு கொடுக்கும். ஆடு ஒலிக்கே திரும்பக் கற்றுக்கொள்கிறது. நான்கு ஆடு வைத்திருக்கும் நம் வீட்டுக்கு இது இன்றைக்குத் தேவையில்லை என்பது என் எண்ணம். அரை ஏக்கர் எல்லைக்கு வானத்திலிருந்து வழிகாட்டும் முன், கதவுக்குச் செங்கல் கட்டிப் பார்ப்போம்.

பூட்டு

இனி எழுதுவதை எழுதத்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன்.

2015 நவம்பரில் கடலூர் மாவட்டத்தில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்கு ஆறு மாதம் முன்பு பரவனாற்றுப் பக்கத்து ஊர் ஒன்றில் எனக்குத் தெரிந்த விவசாயி வீட்டில் இரண்டு ஆடு திருட்டுப் போனது. பைக்கில் வந்து தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அவர் என்னைக் கேட்டார், நான்தான் யோசனை சொன்னேன். படலை எடுத்துவிட்டு இரும்புக் கதவு, நல்ல பூட்டு, சுற்றிலும் வலை. கதவு உள்பக்கமாகத் திறக்கும்படி வைக்கச் சொன்னேன், ஆடு முட்டினால் தாழ்ப்பாள் மேல் பாரம் விழாது என்பது என் கணக்கு. வேலை முடிந்ததும் போய்ப் பார்த்துப் பாராட்டிவிட்டும் வந்தேன்.

அன்று இரவு தண்ணீர் வந்தபோது அவர் முதலில் பெற்றோரையும் பிள்ளைகளையும் மேட்டுக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறார். திரும்பி வந்தபோது கொட்டகையில் இடுப்பளவு தண்ணீர். சாவி வீட்டுக்குள், இருட்டில், எங்கோ. கடப்பாரையால் பூட்டை உடைத்தார். கதவு திறக்கவில்லை. உள்ளே வைக்கோலும் பலகையும் மிதந்து வந்து கதவை அழுத்திக்கொண்டிருந்தன, ஆடுகளும் பயத்தில் கதவோடு ஒண்டி நின்றன. உள்ளே தள்ளித் திறக்க வேண்டிய கதவு. வலையைப் பிய்த்து ஒவ்வொன்றாக இழுத்ததில் 11-இல் 6 பிழைத்தன. பக்கத்து வீட்டில் வெறும் மூங்கில் படல்தான். அதைத் தண்ணீரே தூக்கிப் போட்டிருந்தது. அந்த வீட்டு ஆடுகள் விடிந்தபோது சாலை மேட்டில் நின்றுகொண்டிருந்தன.

அவர் என்னை ஒரு சொல் கேட்கவில்லை. "கதவு நல்ல கதவுதான் சார்" என்றார்.

அதன் பிறகு எந்தக் கொட்டகைக்கும் நான் சொல்லும் முறை மாறிவிட்டது. கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். பூட்டுப் போடலாம், போடத்தான் வேண்டும், திருடன் மழைக்காலம் பார்த்து வருவதில்லை. ஆனால் கதவுக்கு எதிர்ப்பக்கம் தடுப்பில் இரண்டரை அடி அகலத்துக்கு ஒரு பகுதியைத் தனியாகச் செய்து, இரண்டு கம்பங்களில் வெட்டிய பள்ளத்தில் மேலிருந்து இறக்கி வையுங்கள். கூரை ஓரத்தில் அதைத் தூக்க இடம் இருக்கட்டும். வீட்டில் உள்ள பெண்களுக்கும் பெரிய பிள்ளைகளுக்கும் அதைத் தூக்கத் தெரிய வேண்டும், ஒரு நாள் பகலில் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஐப்பசி பிறந்ததும் சாவியில் ஒன்றைக் கதவுக்கு எதிரே உள்ள வீட்டில் கொடுத்துவிடுங்கள். மாட்டைக் கட்டும் முடிச்சு, நுனியைப் பிடித்து ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாக இருக்கட்டும். நனைந்த கயிற்றில் இறுகிய முடிச்சை இருட்டில் யாராலும் அவிழ்க்க முடியாது, கொட்டகைக் கம்பத்தில் ஓர் அரிவாள் செருகி வைப்பதும் நல்லது. புயல் எச்சரிக்கையோ ஏரி திறப்பு அறிவிப்போ வந்தால் அன்று மாலை எதையும் கட்ட வேண்டாம். அவிழ்த்து விடுங்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் மேடு எதுவென்று தெரியும். வீராணம், கொள்ளிடம், வெள்ளாறு, கெடிலம், தென்பெண்ணை என்று ஏதாவது ஒரு தண்ணீருக்கு அருகேதான் நம்மில் பாதிப் பேர் கொட்டகை போட்டிருக்கிறோம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015 வெள்ளம், 2024-இல் ஃபெஞ்சல் புயலின் போது வந்த வெள்ளம் என்று பார்த்துவிட்டோம்.

காட்டுமன்னார்கோவில்காரரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். பக்கத்து வீட்டு ஆட்டுக்காரர் அவருக்கு அண்ணன் முறை. முதலில் பேச்சே இல்லை. பிறகு இவர் நாலு சவுக்குக் கழியையும் தன் தோப்பிலிருந்து கிளைரிசிடியாத் தழையையும் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார். இருவருமாகச் சேர்ந்து ஒரு படல் கட்டி, டயர்க் கீல் அடித்து, செங்கல் தொங்கவிட்டிருக்கிறார்கள். மாசிக் கடைசியில் மறுபடி அழைத்தார். "ஆடு வர்றதில்லைங்க சார். இப்ப மயில் வருது. அதுக்கு ஏதாவது மருந்து இருக்குங்களா?"